ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கு டெர்மினல்: பை-வயரிங், பை-ஆம்பிங் செய்தால் ஒலி மேம்படுமா?

அண்ணாநகர்_புதுவீடு

வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு சேனல் ரிசீவர், ஓடுவது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்). முன்புற டவர் ஸ்பீக்கர் இரண்டின் முதுகிலும் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றன. மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் முலாம் பூசிய உலோகப் பட்டை இணைக்கிறது. கேபிள் வாங்கப் போன கடையில், பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு ஜோடி கேபிள் போடச் சொன்னார்கள். ரிசீவரில் சும்மா கிடக்கும் இரண்டு சேனல்களையும் அதற்கே கொடுத்தால் வாட் இரட்டிப்பாகுமாம். கையேட்டிலும் பை-ஆம்ப் என்று படம் போட்டு ஒரு பக்கம் இருக்கிறது.

ஹால் 14க்கு 18 அடி. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் சத்தம்) 87 டெசிபல், உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. பார்ப்பது பெரும்பாலும் படம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சேரி. கேபிளுக்குக் கேட்கிற விலையைப் பார்த்தால் யோசனையாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடபழனி_வால்வ்

யோசிக்காமல் செய்யுங்கள் தம்பி. நான் பை-ஆம்ப் செய்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் அதுவரை ஒட்டிக்கொண்டு கேட்டவை பிரிந்து நின்றன. மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பள்ளம்தான் குடிக்கும். பாஸ் என்கிற தாழ்ந்த ஒலி அப்படித்தான் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உயர்ந்த ஒலிக்கான டுவீட்டருக்குத் தனி வாய்க்கால் வெட்டுகிறோம், அவ்வளவுதான். ஸ்பீக்கர் செய்கிறவன் நான்கு டெர்மினல் வைக்கிறான், ரிசீவர் செய்கிறவன் கையேட்டில் பக்கம் ஒதுக்குகிறான். இருவருமே முட்டாள்களா?

ஓம்_விதி

முட்டாள்கள் இல்லை, வியாபாரிகள். நான்கு டெர்மினல் வைக்க ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அது இல்லாத ஸ்பீக்கரைக் கடையில் "கீழ்வகுப்பு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டென்மார்க்கின் டைன்ஆடியோ நெடுங்காலமாகப் பெரும்பாலான மாடல்களில் ஒரே ஜோடி டெர்மினல்தான் வைக்கிறது. அதன் ஒலியைக் கீழ்வகுப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைக்காரர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். பை-வயரிங்கில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றுதான். அதே டெர்மினலிலிருந்து இரண்டு ஜோடி கேபிள் கிளம்பி, ஒன்று தாழ்ந்த ஒலிக்கான வூஃபர் பக்கமும் மற்றது டுவீட்டர் பக்கமும் போகிறது. பை-ஆம்பிங்கில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப் சேனல்கள்.

இப்போது அந்த இரட்டிப்பு வாட். பை-ஆம்ப் என்று ரிசீவரில் தேர்ந்தெடுத்தால் அது இரண்டு சேனல்களுக்கும் ஒரே முழு அலைவரிசைச் சிக்னலைத்தான் அனுப்புகிறது. தாழ்ந்த ஒலியை ஒன்றுக்கும் உயர்ந்த ஒலியை மற்றொன்றுக்கும் பகிர்ந்து கொடுப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர்; அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே டுவீட்டருக்கு ஒதுக்கிய சேனலும் பாஸ் உட்பட முழு மின்னழுத்தத்தையும் ஏற்றி இறக்கியாக வேண்டும். மின்னோட்டம் மட்டுமே அதற்குக் குறைகிறது. ஆம்ப் கிளிப் ஆவது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுவது, பெரும்பாலும் மின்னழுத்தம் தன் கூரையை முட்டும்போதுதான். அந்தக் கூரையைத் தீர்மானிப்பது பவர் சப்ளை. உங்கள் ரிசீவரில் ஏழு சேனல்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, சப்ளை ஒன்று. பாஸ் வந்து சப்ளையை இழுக்கும்போது ஏழு சேனல்களின் கூரையும் சேர்ந்தே தாழ்கிறது. டுவீட்டருக்குத் தனி வாய்க்கால் வெட்டினோம் என்று வடபழனி ஐயா சொல்கிறார். இரண்டு வாய்க்காலும் ஒரே கிணற்றில்தான் தொடங்குகின்றன.

சரி, வாதத்துக்காக இரட்டிப்பே ஆகட்டும். 100 வாட் 200 ஆனால் கிடைப்பது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை.

உங்கள் ஹாலுக்கே கணக்குப் போடுவோம். ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 3 மீட்டரில் அறையின் பிரதிபலிப்பையும் சேர்த்து ஒரு வாட்டுக்குத் தோராயமாக 80 டெசிபல் தரும். மைக் வைத்து அளவீடு செய்த ரிசீவரில் வால்யூம் 0 என்பது திரையரங்க அளவு. அங்கே ஒரு முன்புறச் சேனலின் உச்சம் 105 டெசிபல். குடியிருப்பில் யாரும் அப்படி வைப்பதில்லை. மைனஸ் 20ல் பார்த்தால் உச்சம் 85. அதற்கு 3 வாட் போதும். மிச்சமிருக்கும் 97 வாட்டை வைத்துக்கொண்டு இன்னொரு 100 வாட்டுக்கு ஏன் கம்பி இழுக்க வேண்டும்?

வடபழனி_வால்வ்

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டுக் கேட்பது கால்குலேட்டர் இல்லை. தொப்பி பிரிந்து கேட்டது என் காதுக்கு. அதற்கு உங்கள் ஓம் விதி என்ன சொல்கிறது?

ஓம்_விதி

கேட்டதை நான் மறுக்கவில்லை ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன். பை-ஆம்ப் என்று மாற்றிய பிறகு மைக்கை வைத்து ரிசீவரின் ஆடிசி என்ற அறை அளவீட்டை மறுபடி ஓட்டினீர்களா?

வடபழனி_வால்வ்

ஓட்டாமல்? ஆம்ப் ஒதுக்கீட்டை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டாமா? மைக் ஸ்டாண்டும் புதிதாக வாங்கினேன். முன்பு சோபாவின் மேல்தான் வைத்து அளப்பேன்.

ஓம்_விதி

அப்படியானால் நீங்கள் கேட்ட வித்தியாசம் நிஜம்தான். மைக் சோபாவின் முதுகிலிருந்து ஸ்டாண்டுக்குப் போனாலே அளவீடு மாறிவிடும். சோபா மெத்தை உயர்ந்த ஒலியை உறிஞ்சும், முதுகுப்பலகை எதிரொலிக்கும். அதை வைத்து ரிசீவர் போடும் ஈக்வலைசர் (அலைவரிசைதோறும் சத்தத் திருத்தம்) சில இடங்களில் பல டெசிபல் வேறுபடும். தொப்பி பேசும் பகுதியில் 2 டெசிபல் நகர்ந்தால் யார் காதுக்கும் தெரியும். உங்கள் நன்றியை அந்த ஸ்டாண்டுக்குச் சொல்லுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாராட்டைச் செப்புக் கம்பிக்குக் கொடுப்பதில்தான் எனக்கு வருத்தம்.

திருவான்மியூர்_உப்புக்காற்று

இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையை ஒட்டி இருக்கும் என்னைப் போன்றவர்களின் வீட்டில் அந்தப் பட்டைகளும் திருகுகளும் ஒரு மழைக்காலம் போனாலே மங்கிவிடும். முலாம் மெல்லியது, உள்ளே பித்தளை. பை-வயர் செய்வதற்காக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கேபிள் நுனியைப் புதிதாகச் சீவி, திருகை இறுக்குகிறோம். ஒலி தெளிவடைகிறது. அதே கையோடு பழைய பட்டையைத் துடைத்து மாட்டியிருந்தாலும் தெளிவடைந்திருக்கும்.

பட்டையின் தரத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக ஓரடி ஸ்பீக்கர் கேபிளை வெட்டி மேலும் கீழும் இணைத்துவிடலாம். செலவு தேநீர்க் காசு.

ஆனால் பை-ஆம்ப் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: பட்டைகளைக் கழற்றிய பிறகுதான் ரிசீவரை இயக்க வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டு பட்டைகளையும். பை-வயரிங்கில் பட்டை இருந்தாலும் கேடு இல்லை, ஆம்ப் ஒன்றுதானே. பை-ஆம்பிங்கில் பட்டையை விட்டுவிட்டால் இரண்டு சேனல்களின் வெளியீடும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று முந்திக்கொண்டால் ரிசீவர் அணைந்து பிழைக்கும். இல்லையென்றால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விடும்.

டொராண்டோ_நிலவறை

ஓம்_விதி அண்ணை, பை-ஆம்பிங் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பை-வயரிங்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியுமா? அமெரிக்காவில் ரிச்சர்ட் வாண்டர்ஸ்டீன் தன் ஸ்பீக்கர்களுக்குப் பை-வயரிங்தான் வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். அவர் தரப்பு வாதம் இது: வூஃபருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் கேபிளின் தடையில் ஒரு சிறு மின்னழுத்த வீழ்ச்சியை உண்டாக்குகிறது, ஒரே கேபிள் என்றால் அது டுவீட்டரின் சிக்னலிலும் கலக்கிறது. கேபிளைப் பிரித்தால் கலப்பு குறையும். இதில் இயற்பியல் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஓம்_விதி

தவறு இல்லை. இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் பதில் சொல்லத் தகுந்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செப்புக் கம்பி நேரியல் தன்மை கொண்டது. அதில் 50 ஹெர்ட்ஸும் 5,000 ஹெர்ட்ஸும் சேர்ந்து போனாலும் ஒன்றையொன்று சிதைத்துப் புதிய அலைவரிசை எதையும் உண்டாக்குவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் கொஞ்சம் டுவீட்டர் பக்கம் வந்தாலும் அங்கிருக்கும் கிராஸ்ஓவர் அதைத் தடுத்துவிடும். தடுப்பதற்குத்தானே அது இருக்கிறது. ஆனால் வூஃபர் நேரியல் தன்மை கொண்டது இல்லை. அதன் சுருள் காந்தத்துக்குள் முன்பின் ஓடும்போது மின்னோட்டத்தில் உருக்குலைவு சேர்கிறது, அதன் உயர் சுரங்கள் டுவீட்டரின் எல்லைக்குள்ளும் வரலாம். வாண்டர்ஸ்டீன் தரப்புக்கு உண்மையான பிடி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு என்று பார்ப்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் இழைக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். 5 மீட்டர் கேபிள் என்றால் போக வர 10 மீட்டர், 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 32 வாட் போகிறது, அதாவது 16 வோல்ட், 2 ஆம்பியர் என்று கொள்ளுங்கள். வூஃபரின் மின்னோட்டத்தில் 1 சதவீதம் உருக்குலைவு என்றால் 20 மில்லிஆம்பியர். அது 0.08 ஓமில் உண்டாக்குவது 1.6 மில்லிவோல்ட். 16 வோல்ட்டுக்கு எதிரே அது 80 டெசிபல் கீழே. பின் அதன் பெரும்பகுதி டுவீட்டர் கிராஸ்ஓவரில் அடிபடும். அதே வூஃபர் அந்த 1 சதவீதத்தைக் காற்றிலேயே நேராகப் பாடிக்கொண்டிருக்கிறது. அது 40 டெசிபல்தான் கீழே. அது காதில் விழும்போது அதைவிட நூறில் ஒரு பங்கானதைக் கேட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நான் மரியாதையாக எழுந்து போய்விடுவேன்.

இன்னொன்று. கேபிளைப் பிரித்தாலும் இரண்டும் ஆம்பின் வாசலில் சேரத்தான் வேண்டும். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் உள்தடையால் வகுத்தால் வருவது) 100 என்றால் 8 ஓமுக்கு ஆம்பின் உள்தடை 0.08 ஓம். கேபிளின் தடையும் அதுவே. ஆகக் கலப்பு பாதியாகும், மறைந்துவிடாது.

கடைசியாக, இரண்டு ஜோடி கேபிளை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு. பை-வயர் செய்தால் ஒவ்வொரு பக்கமும் தன் கேபிளின் 0.08 ஓமைச் சுமக்கிறது. பட்டையை மாட்டிவிட்டு இரண்டு ஜோடியையும் இணையாகச் சேர்த்தால் தடை 0.04 ஓம். அதே செப்பு, பாதித் தடை. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அலைவரிசைக்கேற்ப மாறும் தடை) 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்குகிறது என்றால், 0.08 ஓம் கேபிளால் வரும் ஏற்றத்தாழ்வு 0.14 டெசிபல், 0.04 என்றால் 0.07. இரண்டுமே கேட்காது. ஆனாலும் செப்புக்குக் கொடுத்த காசுக்கு எது நியாயம் என்பது கணக்கில் தெரிகிறது.

கோவைப்_பட்டறை

0.08 ஓமுக்கு இத்தனை சண்டையா! ஸ்பீக்கரைத் திறந்து பாருங்கள். வூஃபருக்கு முன்னால் கிராஸ்ஓவரில் இருக்கும் செப்புச் சுருளின் தடை மட்டுமே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். வூஃபரின் சொந்தச் சுருள் 6 ஓம் பக்கம்.

உண்மையான பை-ஆம்பிங் என்று ஒன்று இருக்கிறது. இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை. சிக்னலை ஆம்புக்கு முன்பே மின்னணுக் கிராஸ்ஓவரில் பிரித்து, பிரித்த பகுதியை மட்டும் அந்தந்த ஆம்புக்கு அனுப்பி, ஆம்பை நேராக டிரைவரில் (வூஃபர் அல்லது டுவீட்டரில்) இணைப்பது. ஹியூலெட்-பேக்கர்டில் பொறியாளராக இருந்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976ல் இதற்கான வடிகட்டிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உடன் பணியாற்றிய ரஸ் ரைலியின் பெயரும் சேர்ந்து லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவர் என்று இன்றும் வழங்குகிறது. 1978ல் பின்லாந்தில் தொடங்கிய ஜெனலெக் இந்த வழியிலேயே ஸ்டூடியோ மானிட்டர்களைச் செய்து பெயர் வாங்கியது.

இதில் டுவீட்டரின் ஆம்புக்குப் பாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. பாஸ் ஆம்ப் கிளிப் ஆனாலும் டுவீட்டர் சுத்தமாகப் பாடும். சுருளின் தடை ஒழிந்தது. டிரைவர்களுக்கு இடையிலான நேர வேறுபாட்டை மில்லிசெகண்டின் துணுக்குகளில் சரிசெய்யலாம். மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி போன்ற, சிக்னலைப் பிரிக்கும் சிறு பெட்டி, நான்கு சேனல் ஆம்ப், அளவுமைக் இருந்தால் வீட்டிலேயே ஆகும். நான் இப்படித்தான் கேட்கிறேன், திரும்பிப் போக மனம் இல்லை.

ஆனால் புதுவீட்டுக்காரர் தன் டவர் ஸ்பீக்கரைத் திறந்து கிராஸ்ஓவரைப் பிடுங்க வேண்டாம். அந்தப் பலகையில் இருப்பது வெறும் பிரிப்பு மட்டும் இல்லை. பெட்டியின் அகலத்தால் வரும் பாஸ் இழப்பை ஈடுகட்டுவது, சில அலைவரிசையில் டிரைவர் ஓங்கி ஒலிக்கும் முரட்டு மேட்டைச் சமன்செய்வது என்று வடிவமைத்தவரின் பல மாத உழைப்பு அதில் இருக்கிறது. அளக்கத் தெரியாமல் பிடுங்கினால் இருந்ததும் போகும், வாரண்டியும் போகும். டுவீட்டரை நேராக ஆம்பில் இணைக்கிறவர்கள் காப்புக்காகத் தொடரில் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். ஆம்பை இயக்கும்போது வரும் ஒரு "தொம்" போதும், சுருள் கருகிவிடும்.

டொராண்டோ_நிலவறை

80 டெசிபல் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என் கேபிளை அதற்காகக் கழற்றப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

வேறொன்று கேட்கிறேன். ரிசீவரின் சேனலை டுவீட்டருக்கு வைத்துக்கொண்டு, வூஃபருக்குத் தனியாகப் பெரிய பவர் ஆம்ப் வாங்கினால்? அப்போது சப்ளை வேறு வேறு ஆகிவிடுகிறதே.

ஓம்_விதி

சப்ளை பிரியும், உண்மை. 4 ஓமுக்கும் கீழே இறங்கும் முரட்டு ஸ்பீக்கர், பெரிய அறை, சத்தமாகக் கேட்கும் பழக்கம் மூன்றும் இருந்தால் பயன் இருக்கிறது. ஆனால் புதுச் சிக்கலும் வரும். ரிசீவரின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 29 டெசிபல், புது ஆம்பின் கெயின் 26 என்றால் உங்கள் வூஃபர் டுவீட்டரைவிட 3 டெசிபல் தாழ்ந்துவிடும். ஸ்பீக்கர் வடிவமைத்தவர் காத்த சமநிலை அங்கேயே போயிற்று. "உயர் சுரம் திறந்துகொண்டது" என்று பலர் எழுதுவதன் ரகசியம் இது. பெரிய ஆம்ப் வாங்குகிறீர்கள் என்றால் முழு ஸ்பீக்கரையும் அதற்கே கொடுத்துவிடுங்கள்.

வடபழனி_வால்வ்

எல்லாமே மனப்பிரமை என்று முடிப்பதற்கு ஏன் இவ்வளவு சுற்று? நேராகச் சொல்லிவிடலாம்.

ஓம்_விதி

மனப்பிரமை என்று நான் எங்கும் எழுதவில்லை ஐயா. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்கிறேன். டேவிட் கிளார்க் 1982ல் விவரித்த ஏபிஎக்ஸ் முறை: ஏ தெரியும், பி தெரியும், எக்ஸ் எது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். சொல்பவருக்கும் மாற்றுபவருக்கும் விடை தெரியக் கூடாது. 16 சுற்றில் 12 சரியாக வந்தால், வெறும் ஊகத்தால் அப்படி வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 14 வந்தால் நான் இந்த இழையில் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். நிபந்தனை ஒன்றுதான்: சத்தம் இரண்டு பக்கமும் 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடினாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "தெளிவு" என்றுதான் சொல்லும்.

வடபழனி_வால்வ்

பரீட்சை எழுதும் வயதைத் தாண்டிவிட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, கேட்கிறேன். தம்பி, உங்கள் காசு, உங்கள் காது.

கோவைப்_பட்டறை

அதுவும் நியாயம்தான். சரி, புதுவீட்டுக்காரரே, உங்களிடம் சப்வூஃபர் இருக்கிறது அல்லவா? அதற்குள்ளேயே ஆம்பும் இருக்கும். ரிசீவரில் முன்புற ஸ்பீக்கரை "சிறியது" என்றும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துப் பாருங்கள். ரிசீவர் ஆம்புக்கு முன்பே சிக்னலைப் பிரிக்கிறது. 80க்குக் கீழே உள்ளது தனி ஆம்புக்குப் போகிறது, டவர் ஸ்பீக்கரின் ஆம்புக்கு மேலே உள்ளது மட்டும். நான் மேலே எழுதிய உண்மையான பை-ஆம்பிங்கின் தத்துவம் இதுவே. ஒரு ரூபாய் செலவில்லை, கேபிளும் வேண்டாம். வூஃபர் முன்பின் ஓடும் தூரம் குறைவதால் குரல் பகுதியின் உருக்குலைவும் குறையும். டவர் என்றால் "பெரியது" என்றுதான் வைக்க வேண்டும் என்ற கௌரவப் பிரச்சினையில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அண்ணாநகர்_புதுவீடு

பார்த்தேன், "பெரியது" என்றுதான் இருந்தது. "சிறியது", 80 என்று மாற்றினேன். சண்டைக் காட்சியில் இரைச்சலுக்கு நடுவே வசனம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ஓம்_விதி சார் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏபிஎக்ஸ் எல்லாம் செய்யவில்லை.

கடையில் முன்பணம் கொடுத்துவிட்டேன், திரும்பக் கிடைக்காது. இரண்டாவது ஜோடி கேபிளை என்ன செய்வது? அந்த இரண்டு சேனல்களும் சும்மா கிடப்பது உறுத்துகிறது.

திருவான்மியூர்_உப்புக்காற்று

சேனலும் இருக்கிறது, கேபிளும் இருக்கிறது. மேற்கூரையில் இரண்டு சிறு ஸ்பீக்கர்கள் மாட்டி 5.1.2 ஆக்கிவிடுங்கள். ரிசீவர் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் முறை) படிக்கும் வகைதானா என்று முதலில் பாருங்கள். உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே வருமாறு துளை போடச் சொல்லுங்கள். போலிக் கூரைக்குள் மின்விசிறி வயர் ஓடும் குழாயில் ஸ்பீக்கர் கேபிளைச் சேர்த்து இழுக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார். விடாதீர்கள், தனிக் குழாய் போடச் சொல்லுங்கள்.

அண்ணாநகர்_புதுவீடு

அட்மாஸ் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். போலிக் கூரைக்குள் மட்டும் 11 மீட்டர் ஓடும், 1.5 சதுர மில்லிமீட்டர் போதுமா, வாங்கிய 2.5ஐயே இழுக்கலாமா?

ஓம்_விதி

கையில் இருப்பது 2.5 என்றால் அதையே இழுங்கள். 1.5 என்றாலும் போக வர 22 மீட்டருக்கு 0.3 ஓம் அளவில்தான் வரும். மேற்கூரை ஸ்பீக்கருக்கு அது பெரிய விஷயம் இல்லை, வரும் இழப்பையும் அளவீடு செய்யும்போது ரிசீவரே ஈடுகட்டிவிடும். கூரையை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் இரண்டு கேபிளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.